வீராம்பட்டினத்து ஒலிபெருக்கி

புதுச்சேரிக்குச் செல்பவர்களில் பலர் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை போகும்போது நீங்கள் இன்னும் சிறிது தெற்கே, தேங்காய்த்திட்டு வரையில் போய் வாருங்கள். அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தை ஒட்டிய ஊர் அது. ஆற்றோரத்தில் அலையாத்தி மரங்கள் சேற்றில் காலூன்றி நிற்பதைக் காணலாம். பக்கத்திலேயே மீன்பிடித் துறைமுகம். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். ஐஸ் பெட்டிகளும் வலைக் குவியல்களும் வழியை மறிக்கும். ஆற்றின் மறுகரையில், தென்கிழக்கே, கடலை ஒட்டித் தெரிவது வீராம்பட்டினம்.

இன்று கடலுக்குப் போகும் இளைஞர் பலர், படகைத் தள்ளுமுன் கைப்பேசியில் அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் பார்த்துக்கொள்கிறார்கள். இது இப்போது புதுமையாகத் தோன்றாது. ஆனால் கால் நூற்றாண்டுக்கு முன், கைப்பேசி ஊருக்கு வராத நாளில், வீராம்பட்டினத்துக் கடற்கரையில் ஒரு ஒலிபெருக்கி இதே செய்தியை மாலைதோறும் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஒலிபெருக்கி அங்கே எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையின் கதை. விஞ்ஞானிகளும் ஊர்மக்களும் ஓர் ஆராய்ச்சியில் கூட்டுச் சேரும்போது யார் எதைக் கொடுக்க வேண்டும், யார் எதைக் கேட்கலாம், யாருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்ற கேள்விகளெல்லாம் அக்கதைக்குள் அடங்கியிருக்கின்றன.

ஆனால் நேராக அங்கே போய்விடாமல், ஒரு பழைய சம்பவத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

சோழியால் போட்ட கணக்கு

குய்யோம் லெ ஜாந்தில் என்ற பிரெஞ்சு வானியலாரின் துரதிர்ஷ்டக் கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். 1761ஆம் ஆண்டில் வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடக்கும் காட்சியைப் புதுச்சேரியிலிருந்து காண வந்தார். அவர் வந்து சேருமுன் ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டனர். ஆடும் கப்பலில் இருந்தபடி அளவெடுக்க முடியவில்லை. அடுத்த கடப்பு 1769இல். எட்டு ஆண்டு காத்திருந்தார்! மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசம் வந்திருந்த புதுச்சேரியில் கருவிகளை நிறுவி ஆயத்தமாக இருந்தார். ஜூன் மாதத்தில் அந்தக் குறிப்பிட்ட காலைப்பொழுதில் மேகம் வந்து சூரியனை மறைத்துவிட்டது.

வெள்ளி கைவிட்டாலும் புதுச்சேரி அவரைக் கைவிடவில்லை. உள்ளூர்த் தமிழர் கிரகணம் கணிக்கும் முறையை அங்கே அவர் கற்றுக்கொண்டார். எழுதுகோலோ தாளோ இல்லை. தரையில் சோழிகளை வைத்து நகர்த்தியும், மனப்பாடமாக வைத்திருந்த சொற்றொடர்களிலிருந்து எண்களை எடுத்தும், முக்கால் மணி நேரத்தில் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டிவிட்டார்கள். எழுத்துக்கு ஓர் எண் என்ற முறையில் எண்கள் சொற்களுக்குள் ஒளிக்கப்பட்டிருந்தன. வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் இதனால் வந்ததே. சந்திரனுக்கு 248 வாக்கியங்கள் உண்டு. ஏன் 248? சந்திரன் பூமிக்கு மிக அருகில் வந்து, மீண்டும் அதே நிலைக்கு வர ஏறத்தாழ 27.55 நாள் ஆகிறது. இதை 9ஆல் பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய முழு எண்ணாக 248 கிடைக்கும்.

1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவை இம்முறையில் கணித்தபோது, விடை 41 விநாடி மட்டுமே குறைவாக இருந்தது. அக்காலத்தில் ஐரோப்பாவில் மிகச் சிறந்தவை என்று போற்றப்பட்ட டோபையாஸ் மேயரின் அட்டவணைகள் 68 விநாடி அதிகமாகக் காட்டின. (ஒரே ஒரு கிரகணத்தை வைத்து எந்த முறை சிறந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.) வீராம்பட்டினத்தை அடுத்த அரிக்கமேட்டுப் பழஞ்செங்கற்களைப் பற்றியும் இவர் எழுதியிருக்கிறார்.

லெ ஜாந்தில் நன்றி மறந்தவர் அல்லர். கற்றதை விரிவாகவே எழுதிவைத்தார். ஆனால் அந்நூல் பிரெஞ்சு மொழியில் பாரிசில் வெளிவந்தது. சோழி வைத்துக் கணக்குச் சொன்னவர் வீட்டுக்கு அது வந்திருக்கும் என்று நினைக்க இடமில்லை. மேயரின் அட்டவணையை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் யாரும் உண்டா என்றால், அதுவும் இருக்க முடியாது. செய்தி ஒரு திசையில் மட்டும் பயணம் செய்தது. அறிவியல் வரலாற்றில் இவ்விதம் நடந்தவை ஏராளம்.

கேட்காமல் வந்த சுவர்

இனி, செய்தி எந்தத் திசையிலும் சரியாகப் போகாமல் தொழில்நுட்பம் மட்டும் வந்து இறங்கிய ஒரு நிகழ்ச்சி. இதற்கும் தேங்காய்த்திட்டிலேயே சாட்சி உண்டு.

1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் இரண்டு கல் சுவர்கள் கட்டப்பட்டன. அலைதடுப்புச் சுவர்கள் என்று பெயர். சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. சாய்வாக வந்து மோதும் அலைகள் அதைச் சிறிது சிறிதாகக் கரையோரமாகவே நகர்த்திச் செல்கின்றன. ஆண்டின் ஒரு பகுதியில் தெற்கு நோக்கியும் பெரும்பகுதியில் வடக்கு நோக்கியும் இந்த ஓட்டம் உண்டு. கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது வடக்கு நோக்கிய ஓட்டமே. குறுக்கே சுவர் எழுப்பினால் தென்புறம் மணல் குவியும். வடபுறம் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டியபோதே இதைக் கண்கூடாகக் கண்டோம்: தெற்கே மெரீனா அகலமாயிற்று, வடக்கே இராயபுரம் கரையைக் கடல் தின்றது.

புதுச்சேரியிலும் அதுவே நிகழ்ந்தது. தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடு திட்டத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் அது தேவையான அளவில் தொடர்ந்து நடைபெறவில்லை. நகரத்தின் மணற்கரை மறைந்து, அதன் இடத்தில் கருங்கற்கள் வந்தன. கற்கள் கொட்டிய இடம் தப்பியது. அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்து மீனவக் குப்பங்களைப் பிடித்துக்கொண்டது. நகரவாசிக்கு மணற்கரை மாலைநேர உலாவுக்கு உரிய இடம். மீனவருக்கோ அதுவே படகுத் துறை, வலை காயப்போடும் களம், கருவாட்டு முற்றம் எல்லாம். 2018ஆம் ஆண்டையொட்டித் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கடற்கரைச் சாலையின் வடபகுதியில் நீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை அமைத்த பின்னரே அங்கு மீண்டும் மணல் சேரத் தொடங்கியது.

கல் சுவரைக் கட்டியவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். கணக்குத் தெரிந்தும், கரையில் வாழ்கிறவரோடு தொடர்ந்து பேசிக்கொண்டிருக்க வேண்டிய கடமையை யாருக்கு என்று எழுதிவைக்கவில்லை. பராமரிப்பு நின்றுபோனால் முதலில் நஷ்டப்படுகிறவருக்கு அலுவலக மேசையில் நாற்காலி இல்லை.

முதலில் கேட்டது: "உங்களுக்கு யார் சொல்கிறார்கள்?"

இந்தப் பின்னணியோடு 1998க்கு வருவோம்.

சென்னையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1988இல் தொடங்கப்பட்டது. உலக உணவுப் பரிசை 1987இல் முதன்முதலாகப் பெற்ற வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் அதை நிறுவினார். 2023இல் அவர் மறைந்தார். 1990களின் தொடக்கம் முதலே இந்நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் உயிரிக் கிராமத் திட்டம் என்ற பெயரில் வேலை செய்துவந்தது. ஆகவே 1998 ஜனவரியில் கனடா நாட்டின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையம் அளித்த நிதியுடன் 'தகவல் கிராம ஆராய்ச்சித் திட்டம்' தொடங்கியபோது, அவர்கள் அவ்வூர்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் அல்லர். வெ.பாலாஜி திட்டத்தை முன்னின்று நடத்தினார். தகவல் அறிவியலறிஞர் சுப்பையா அருணாசலம் அதனுடன் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தார்.

அக்காலத்து நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இணையம் இந்தியப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டு மூன்று ஆண்டுகூட நிறையவில்லை. கிராமத்தில் தொலைபேசி இணைப்புக் கிடைப்பதே கடினம். மின்சாரம் அடிக்கடி நிற்கும். இப்படிப்பட்ட இடத்தில் கணிப்பொறியைக் கொண்டுபோய் வைப்பதா என்று பலர் சிரித்தார்கள். சிரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. பெட்டியை இறக்கிவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு போன திட்டங்களை அவர்கள் அதற்கு முன் பார்த்திருந்தார்கள்.

ஆராய்ச்சியாளர்கள் கணிப்பொறியோடு தொடங்கவில்லை. ஊர்களில் போய் உட்கார்ந்து, இப்போது உங்களுக்குச் செய்தி எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்கள். நெல்லுக்கு என்ன விலை என்று யார் சொல்கிறார்கள்? பூச்சி விழுந்தால் யாரைக் கேட்கிறீர்கள்? பெரும்பாலும் வந்த விடை: கடைக்காரர், சந்தை, உரம் பூச்சிமருந்து விற்பவர், அண்டை வீட்டார். மருந்து விற்பவரிடமே நோய்க்கு என்ன மருந்து என்று கேட்டால் என்ன விடை கிடைக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அரசாங்கம் ஏழைகளுக்கென்று வைத்திருக்கும் உதவித் திட்டங்கள் நூற்றுக்கு மேல் இருந்தன. உரியவர்களுக்கே அவற்றில் பலவற்றின் பெயர்கூடத் தெரியாது. இவற்றையெல்லாம் அறிந்த பிறகே, என்ன செய்தியைத் திரட்டுவது என்று முடிவாயிற்று.

உடன்படிக்கையின் சரத்துகள்

திட்டத்தின் சிறப்பு, எனது கருத்தில், இயந்திரங்களில் இல்லை. ஊரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது.

மையம் வேண்டும் என்று ஊர் கேட்க வேண்டும். இடத்தை ஊரே வாடகையின்றித் தர வேண்டும். மின்கட்டணம் போன்ற அன்றாடச் செலவும் ஊருடையது. மையத்தை நடத்தும் தொண்டர்களை ஊரே தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களில் பெண்களும் இருக்க வேண்டும். கருவிகளும் பயிற்சியும் நிறுவனத்தின் பொறுப்பு. இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு நிபந்தனை: சாதி, மதம், ஆண், பெண் என்ற வேறுபாடின்றி யாவரும் உள்ளே வரக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும்.

கடைசிச் சரத்தைப் படிக்க எளிது. நடைமுறையில்தான் சிக்கல். ஊரில் பொதுவான காலியிடம் என்று எது இருக்கும்? கோயிலை ஒட்டிய அறை, பெரியதனக்காரர் வீட்டுத் திண்ணை, பஞ்சாயத்துக் கட்டடம். தலித் மக்கள் தயக்கமின்றி ஏறி வரக்கூடிய இடம் இவற்றில் எது? ஏம்பலத்தில் கிடைத்தது ஒரு கோயிலைச் சேர்ந்த இடம். ஒடுக்கப்பட்ட சாதியினரும் மாதவிலக்கு நாட்களில் பெண்களும் நுழையக்கூடாது என்று அக்கோயிலில் வழக்கம் இருந்தது. ஆனால் தகவல் மையத்துக்குத் தனி வாயில்; அவ்வாயிலில் எவருக்கும் தடையில்லை. கோயில் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஓர் ஆராய்ச்சித் திட்டம் ஊரின் சாதியை ஒழித்துவிடாது. இருந்தாலும் தன் பங்குக்கு இன்னொரு பூட்டைப் போடாமல் இருக்க முடியும்; அதற்காக இடத்தையே மறுக்கவும் தயாராக இருக்க வேண்டும்.

மையங்கள் அமைந்த ஊர்களில் கீழூரும் ஒன்று. 1954 அக்டோபர் 18ஆம் நாள் பிரெஞ்சிந்தியப் பகுதிகள் இந்தியாவுடன் இணைவதா என்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தது அந்தக் கீழூரில்தான். 170 பேர் இணைப்புக்கு ஆதரவாக வாக்களித்தனர். கேட்டு முடிவு செய்வது அந்த ஊருக்குப் புதிதல்ல என்று எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

மையங்களை முதலில் 'தகவல் கடை' என்றே அழைத்தார்கள். பின்னர் 'அறிவு மையம்' என்ற பெயர் வந்தது. கடை என்ற பெயர் நன்றாகத்தான் இருந்தது. கடைக்குப் போகிறவர் தமக்கு வேண்டியதைக் கேட்பார், வேண்டாததை வாங்கமாட்டார். வந்தவர் யார், ஆணா பெண்ணா, எந்தப் பிரிவினர், என்ன கேட்டார் என்பதைத் தொண்டர்கள் பதிவேட்டில் குறித்து வைத்தார்கள். அந்த நோட்டுப் புத்தகம்தான் ஆராய்ச்சியின் உண்மையான கருவி. எல்லாரும் வருகிறார்களா, அல்லது சிலரே திரும்பத் திரும்ப வருகிறார்களா என்பதை அதுவே காட்டிக் கொடுக்கும்.

கோபுரமும் சூரியனும்

இப்போது இயந்திரங்களைப் பற்றிச் சிறிது.

புதுச்சேரிக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டரில் உள்ள வில்லியனூர்தான் நடுமையம். அங்கே தொலைபேசி வழியாக இணையம் கிடைத்தது. அங்கிருந்து ஊர்களுக்குக் கம்பி இழுக்க வழியில்லை. ஆகவே போலீஸ் வண்டிகளில் பயன்படுவது போன்ற உயர் அதிர்வெண் வானொலிக் கருவிகளைப் பயன்படுத்தினார்கள். ஒரே கருவியில் பேசவும் செய்யலாம், கணிப்பொறிச் செய்தியை அனுப்பவும் செய்யலாம். இந்த அமைப்புக்கு 1999இல் மோட்டரோலா நிறுவனத்தின் தங்க விருது கிடைத்தது. திட்டம் முழுமைக்கும் 2001இல் ஸ்டாக்ஹோம் சவால் விருது கிடைத்தது.

இவ்வகை வானொலி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்கின்றன. பூமி வளைந்திருப்பதால் வானலை வாங்கி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் எட்டும். கிலோமீட்டரில் தூரம் வேண்டுமானால், மீட்டரில் உயரத்துக்கு வர்க்கமூலம் கண்டு 4.12ஆல் பெருக்க வேண்டும். 16 மீட்டர் உயரக் கம்பத்துக்கு 4 × 4.12, அதாவது சுமார் 16.5 கிலோமீட்டர். இரு முனையிலும் அதே உயரம் இருந்தால் இரட்டிப்பு. மரமும் மாடியும் குறுக்கிடுவதால் நடைமுறையில் இது குறையும். மின்சாரம் நின்றுபோகும் நேரத்துக்குச் சூரிய மின்பலகைகளும் மின்கலங்களும் துணை நின்றன.

கருவிகளைவிடப் பெரிய தடை மொழி. கணிப்பொறிப் பலகையில் இருந்தவை ஆங்கில எழுத்துக்கள். ஒரே தமிழ் எழுத்துக்கு ஒவ்வொரு எழுத்துருவிலும் ஒவ்வொரு இடம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டுக்குப் பின்புதான் பொது விசைப்பலகை ஒன்று முடிவாயிற்று. அதற்கு முன்னரே இவ்வூர்த் தொண்டர்கள், அவர்களில் கல்லூரி வாசலை மிதிக்காத பெண்கள் பலர், எந்த விசையில் எந்த எழுத்து என்று பழகித் தமிழில் செய்தியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நெல் விலை, கால்நடை மருத்துவர் வரும் நாள், பேருந்து நேரம், பள்ளித் தேர்வு முடிவு, அரசு உதவித் திட்டங்கள் என்று செய்திகள் பெருகின. பின்னர் 'நம்ம ஊரு செய்தி' என்ற பத்திரிகையையும் வில்லியனூரிலிருந்து கொண்டுவந்தார்கள்.

கடற்படையின் கணக்கு, கட்டுமரத்தின் தேவை

வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு நெல் விலை எதற்கு? அவர்கள் கேட்டது வேறு: நாளைக்குக் கடல் எப்படி இருக்கும்?

அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களுக்காக உலகக் கடல்கள் அனைத்துக்கும் அலை உயரத்தை முன்கணித்து இணையத்தில் வெளியிட்டு வந்தது. வங்காள விரிகுடாவும் அதில் அடக்கம். வில்லியனூரில் இருந்தவர்கள் அந்தப் படத்தை எடுத்துப் புதுச்சேரிக் கடற்பகுதிக்கு உரிய எண்ணைப் படித்து, வானொலி மூலம் வீராம்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அங்கே தொண்டர் அதை ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார். கடலுக்குப் போகுமுன் 24 மணி நேரம் அவகாசம் கிடைத்தது. வல்லரசின் போர்க்கப்பலுக்காகப் போட்ட கணக்கு கட்டுமரத்துக்கு உதவியது என்று எழுதப் பலருக்கும் ஆசை, எனக்கும்தான். ஆனால் அந்த எண்ணின் பொருளை அறியாமல் வியந்து பயனில்லை.

முன்கணிப்பில் 'அலை உயரம் 1 மீட்டர்' என்றால் எல்லா அலையும் ஒரு மீட்டர் என்று பொருளல்ல. வரும் அலைகளில் மிக உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, அவற்றின் சராசரியைச் சொல்கிறார்கள். அனுபவமுள்ள மாலுமி கண்ணால் பார்த்துச் சொல்லும் உயரம் ஏறக்குறைய இதுவாகவே இருப்பதால் இந்த அளவைத் தேர்ந்தார்கள். இடையிடையே இதைப்போல் இருமடங்கு உயர அலையும் வரும். மேலும் அந்த எண் ஆழ்கடலுக்கு உரியது. கரையை நெருங்கும்போது, நீரின் ஆழம் அலை உயரத்தைப்போல் சுமார் 1.3 மடங்காகக் குறையும் இடத்தில் அலை உடைகிறது. படகைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்த இடமே. எங்கே மணல் மேடிட்டிருக்கிறது, எந்த இடைவெளியில் படகைத் தள்ள வேண்டும் என்பது அமெரிக்கக் கடற்படைக்குத் தெரியாது. வீராம்பட்டினத்துப் பெரியவருக்குத் தெரியும். முன்கணிப்பும் அவருடைய கண்ணும் சேர்ந்தால்தான் ஒரு முடிவு. ஒலிபெருக்கி 'போகாதே' என்று கட்டளையிடவில்லை, எண்ணைச் சொன்னது. போவதும் இருப்பதும் அவர்கள் கையில்.

நல்லவாடு, 2004

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6 மணி 29 நிமிடத்தை ஒட்டிச் சுமத்திரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. ஆழிப்பேரலையின் வேகத்தை நீங்களே கணக்கிடலாம்: நீரின் ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். 4,000 மீட்டர் ஆழத்தில் விநாடிக்கு சுமார் 198 மீட்டர், அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். 10 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர்தான். ஆனால் வேகம் குறையக் குறைய உயரம் கூடும். நமது கரையை அது எட்டச் சுமார் இரண்டு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு அவகாசம் இருந்தும் இந்துமாக்கடலுக்கு அன்று எச்சரிக்கை அமைப்பு இல்லை.

வீராம்பட்டினத்துக்குத் தெற்கே உள்ள நல்லவாடு என்ற மீனவ ஊரிலும் அப்போது அறிவு மையம் இருந்தது. அவ்வூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்தார். செய்தியைக் கேட்டவர், வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் வழக்கத்துக்கு மாறாக ஏறுகிறது என்று வீட்டார் சொல்லவே, எல்லாரையும் வெளியேறச் சொன்னார். ஊரார் ஓடிப்போய் மூடியிருந்த மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியை இயக்கினார்கள். அன்றாடம் கடல் நிலையைச் சொல்லிவந்த அதே குழாய், ஊரைவிட்டு ஓடுங்கள் என்றது. சுமார் 150 வீடுகளும் 200 படகுகளும் அழிந்தன. ஊரின் 3,600க்கு மேற்பட்ட மக்கள் உயிர் பிழைத்தார்கள்.

இதில் கணிப்பொறியோ கடற்படையின் இணையப் படமோ வேலை செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். வேலை செய்தவை ஒரு தொலைபேசி, ஒரு ஒலிபெருக்கி, அந்தக் குரல் சொன்னால் பொய்யாக இராது என்று ஆண்டுக்கணக்கில் ஏற்பட்டிருந்த நம்பிக்கை. கதவை உடைக்க ஊராருக்குத் தயக்கம் வராததையும் கவனிக்க வேண்டும். அரசாங்க அலுவலகமாக இருந்திருந்தால் ஒரு நிமிடமாவது யோசித்திருப்பார்கள்.

பிறகு

எல்லாம் இனிதே நடந்தது என்று சொல்லிவிட முடியாது. மையங்களுக்குப் பெரிய செலவு வெளிநாட்டு நிதியிலிருந்து வந்தது. சம்பளமின்றி உழைத்த தொண்டர்களில் பலர், கணிப்பொறி கற்ற பலனாகவே, வேறு வேலைக்குப் போனார்கள். அதை இழப்பு என்பதா, வெற்றி என்பதா? இரண்டும்தான்.

வேறு வழியையும் முயன்று பார்த்தவர்கள் உண்டு. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001 முதல் சென்னை ஐ.ஐ.டி.யின் கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் கொண்டு கிராமக் கணிப்பொறி நிலையங்கள் தோன்றின. உள்ளூர் இளைஞர் முதல்போட்டு, கட்டணம் வாங்கி, தொழிலாக நடத்த வேண்டும் என்பது திட்டம். தருமத்தை நம்பியிராமல் தன் காலில் நிற்கும் என்று எதிர்பார்த்தார்கள். சில ஆண்டுகளில் அவற்றில் பல மூடப்பட்டன. வருமானம் செலவுக்குப் போதவில்லை. இலங்கையில் கொத்மலை சமுதாய வானொலி அதே காலத்தில் மற்றொன்றைச் செய்தது: கேள்வியைக் கேட்போர் எழுதி அனுப்ப, அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி வானொலியிலேயே விடை சொன்னார்கள். மூன்றையும் ஒப்பிட்டு எது சிறந்தது என்று என்னால் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆனால் கட்டணம் கொடுக்கிறவரே வாடிக்கையாளர் என்று ஆனபோது, கட்டணம் கொடுக்க முடியாதவரின் கேள்வியைப் பதிவேட்டில் எழுதுவோர் இல்லாமற்போனார் என்பது மட்டும் தெரிகிறது.

வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியின் வேலையை இன்று பெரும்பாலும் கைப்பேசி செய்கிறது. 1999இல் ஐதராபாத்தில் தொடங்கிய இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் நமது கடலுக்கென்றே அலை, காற்று முன்கணிப்புகளைத் தருகிறது. 2007 அக்டோபர் முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையமும் அங்கு இயங்குகிறது. அதே 2007இல் சுவாமிநாதன் நிறுவனம் குவால்காம், டாடா டெலிசர்வீசஸ் நிறுவனங்களுடன் சேர்ந்து, அச்செய்திகளை மீனவர் கைப்பேசியில் தரும் 'ஃபிஷர் ஃபிரண்ட்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. கைப்பேசி ஒருவருக்குச் சொல்கிறது. ஒலிபெருக்கி ஊருக்கே சொன்னது. கைப்பேசி இல்லாத கிழவருக்கும் வலை பின்னும் பெண்ணுக்கும் அது காதில் விழுந்தது.

கடற்கரை ஊரில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். தேங்காய்த்திட்டுப் பக்கம் போனால் அங்கேயே செய்யலாம். கரையில் பாதுகாப்பான இடத்தில் நின்று, தொலைவில் நங்கூரமிட்ட படகு ஒன்றையோ நீரில் நாட்டிய கம்பத்தையோ அடையாளமாக வைத்துக்கொண்டு, அடுத்தடுத்து வரும் 30 அலைகளின் உயரத்தைக் கண்மதிப்பாக எழுதுங்கள். அவற்றில் உயரமான 10ஐ மட்டும் எடுத்துச் சராசரி காணுங்கள். அன்றைய முன்கணிப்பு எண்ணோடு ஒப்பிடுங்கள். பிறகு, படகருகே வலை சரிபார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் இன்று அலை எப்படி என்று கேட்டு, அவர் சொல்வதையும் மூன்றாவது பத்தியில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் எழுதிய பின், அந்தப் பட்டியலை அவரிடமும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.